வர்த்தமானி வருவதற்கு முன்னர்: மீரியபெத்தயிலிருந்து பார்க்கும் கொள்கை உருவாக்கம்

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை காலை. பதுளை மாவட்டம், ஹல்துமுல்லை பிரதேச செயலகப் பிரிவு, கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்தின் மீது மலை சரிந்து விழுந்தது. லயன் வரிசைகளை மண் மூடியது. பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை.

எத்தனை பேர் புதையுண்டார்கள் என்ற கேள்விக்கு முதல் நாட்களில் யாராலும் சரியான பதில் சொல்ல முடியவில்லை. இருநூறு, முந்நூறு என்று கணக்குகள் வந்தன. பின்னர் நூறுக்குக் குறைவு என்றார்கள். இறுதியில் நாற்பதுக்கும் குறைவானவர்கள் என்று உத்தியோகபூர்வக் கணக்கு நின்றது. அவர்களில் பலரது உடல்கள் மீட்கப்படவே இல்லை.

அந்த மலை சரியும் என்பது அன்று காலை வரை எவருக்கும் தெரியாமல் இருந்த விடயம் அல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் அந்த இடம் ஆபத்தானது, மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று எச்சரித்திருந்தது. எச்சரிக்கைக்கும் சரிவுக்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. அந்த ஒன்பது ஆண்டுகளில், “போ” என்று சொன்னவர்கள் “எங்கே போவது” என்பதற்குப் பதில் வைத்திருக்கவில்லை. மாற்றுக் காணி இல்லாமல் லயனை விட்டு இறங்குவதற்குத் தோட்டத் தொழிலாளிக்கு வேறு இடம் கிடையாது.

அரசாங்கக் கொள்கை என்றால் நம்மில் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருவது வர்த்தமானி அறிவித்தல், நாடாளுமன்ற வாக்கெடுப்பு, அமைச்சர் நாடா வெட்டும் நிகழ்வு. இவை எல்லாம் கொள்கையின் கடைசிப் படிகள். மீரியபெத்த மக்களுக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதைத் தீர்மானித்த படிகள் அவற்றுக்கு வெகு முன்னர் வருபவை. அந்த ஆரம்பப் படிகள் எவை, அவற்றில் பாதிக்கப்பட்ட மக்கள் எங்கே நுழையலாம் என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். வடக்கிலும் கிழக்கிலும் ஆணைக்குழு ஆணைக்குழுவாகச் சாட்சியம் சொல்லிக் களைத்துப்போனவர்களுக்கும் இது பொருந்தும்.

பிரச்சினைக்குப் பெயர் வைப்பது

கொள்கை உருவாக்கத்தின் முதலாவது படி, பிரச்சினை என்ன என்று வரையறுப்பது. இது சாதாரண விடயமாகத் தோன்றும். உண்மையில் பாதி முடிவு இங்கேயே எடுக்கப்பட்டுவிடுகிறது.

மீரியபெத்தயையே எடுத்துக்கொள்வோம். அங்கே நடந்ததை மூன்று விதமாகச் சொல்லலாம். “இது ஒரு இயற்கை அனர்த்தம்” என்று சொன்னால், பிரச்சினை அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் போகும். தீர்வு கூடாரம், உலர் உணவு, நட்டஈடு, புதிய இடத்தில் சில வீடுகள். “இது வீட்டுப் பிரச்சினை” என்று சொன்னால், அது வீடமைப்புக்குப் பொறுப்பான அமைச்சுக்குப் போகும். தீர்வு இத்தனை வீடுகள், இத்தனை இலட்சம் ரூபாய் என்ற கணக்காக வரும். “இது காணி உரிமைப் பிரச்சினை” என்று சொன்னால் கேள்வியே மாறிவிடும். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு மண்ணில் வாழ்ந்த சமூகத்துக்கு, ஆபத்து என்று தெரிந்த பின்னரும் தானாக வெளியேறிச் சென்று வீடு கட்டிக்கொள்ள ஒரு துண்டு நிலம் ஏன் இருக்கவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு அமைச்சு போதாது. காணி, பெருந்தோட்டம், திறைசேரி, உள்ளூராட்சி எல்லாம் ஒன்றாக உட்கார வேண்டும்.

2014இல் மேலோங்கியது முதலாவது பெயர். அதனால் கிடைத்ததும் அதற்கேற்ற தீர்வே. தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும், பின்னர் மாக்கல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டார்கள். இரண்டு ஆண்டுகளின் பின்னர், 2016 ஒக்டோபரில், மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. அந்தக் குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அதே மலைத்தொடரில் அதே ஆபத்தில் இருந்த மற்றைய லயன்களுக்கு அது எதையும் மாற்றவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலை தோட்டத்தில் மண் சரிந்து லயன் வீடுகள் சேதமடைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவில் பல உயிர்களைப் பறிகொடுத்தது. ஒரு சம்பவத்துக்கான தீர்வு கொள்கை ஆகாது. அடுத்த மலைக்கும் அடுத்த மழைக்கும் பொருந்தும் விதிதான் கொள்கை.

வடக்கு, கிழக்கு வாசகர்கள் இதனை உடனே அடையாளம் காண்பார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களது கோரிக்கை “நட்டஈடு” என்று பெயரிடப்பட்டால் ஒரு தீர்வு. “உண்மையும் நீதியும்” என்று பெயரிடப்பட்டால் முற்றிலும் வேறு தீர்வு. வீதியோரத்தில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருக்கும் தாய்மார் விட்டுக்கொடுக்க மறுப்பது இந்தப் பெயரைத்தான்.

எண்ணப்படாதவர்களுக்குக் கொள்கை இல்லை

இரண்டாவது படி தரவு. எத்தனை குடும்பங்கள், எங்கே, எந்த நிலையில் என்ற கணக்கு இல்லாமல் எந்த அமைச்சும் திறைசேரியிடம் பணம் கேட்க முடியாது.

இதில் பதுளைக்கு ஒரு வித்தியாசமான வரலாறு உண்டு. இலங்கையில் மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கும் வேலை 1990இல் முதலில் தொடங்கப்பட்டது பதுளை, நுவரெலியா ஆகிய இரண்டு மாவட்டங்களிலேயே. மலையைப் பற்றிய தரவு நாட்டின் ஏனைய மாவட்டங்களுக்கு முன்னரே இங்கே சேகரிக்கப்பட்டது. மலையின் மேல் வாழ்ந்த மனிதர்களைப் பற்றிய தரவுதான் இருக்கவில்லை. மீரியபெத்தயில் எத்தனை பேர் புதையுண்டார்கள் என்று பல நாட்களாகச் சொல்ல முடியாமல் போனது இதன் விளைவு.

2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் சுமார் எட்டு இலட்சத்து நாற்பதாயிரம் பேர் இந்தியத் தமிழர் எனப் பதிவாகியிருக்கிறார்கள். பதுளை மாவட்டச் சனத்தொகையில் அவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. மலையகத் தமிழர் என்று தம்மை உணரும் பலர் இலங்கைத் தமிழர் எனப் பதிந்துகொள்வதால் உண்மையான தொகை இதைவிட அதிகம் என்ற வாதம் நீண்ட காலமாக இருக்கிறது. குடிசன மதிப்பீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்கும் ஒரு கேள்விக்குச் சொல்லும் பதில்கூட, பத்து ஆண்டுகள் கழித்து வரும் ஒரு கொள்கையின் அளவைத் தீர்மானிக்கிறது.

இதே இடைவெளி வன்னியிலும் உண்டு. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு பகுதிகளுக்குச் சென்று குடியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பின்னர் யுத்தத்தின் முழுச் சுமையையும் சுமந்தன. யுத்தம் முடிந்து வீட்டுத்திட்டங்கள் வந்தபோது, காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாதவர்கள் பட்டியலில் இடம்பெறச் சிரமப்பட்டார்கள். மலையில் காணி இல்லாமல் இருந்தவர்கள் சமவெளியிலும் அதே காரணத்தால் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள்.

எப்போது ஒரு பிரச்சினை மேசைக்கு வருகிறது?

நாட்டில் ஆயிரம் பிரச்சினைகள் இருக்கின்றன. அமைச்சரவையின் நிகழ்ச்சி நிரலில் ஒரு வாரத்தில் சிலவற்றுக்கே இடம் உண்டு. எது உள்ளே வரும்?

ஜோன் கிங்டன் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1984இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். மூன்று நீரோட்டங்கள் தனித்தனியாக ஓடுகின்றன என்றார். ஒன்று, பிரச்சினை மக்கள் கண்ணில் படுவது. இரண்டு, அதற்கான தீர்வு எழுத்தில் தயாராக இருப்பது. மூன்று, அரசியல் சூழல் சாதகமாக இருப்பது. மூன்றும் ஒரே நேரத்தில் சேரும்போது ஒரு ஜன்னல் திறக்கிறது. அது அதிக நாட்கள் திறந்திருப்பதில்லை.

மீரியபெத்த இதற்கு நல்ல உதாரணம். லயன் அறைகளின் நிலை ஒக்டோபர் 2014இல் புதிதாக மோசமாகிவிடவில்லை. ஆனால் அந்தக் காலையில் முழு நாடும் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தது. பத்து வாரங்களில், 2015 ஜனவரி 8ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தல் வந்தது. மலையக வாக்குகள் முக்கியம் என்று எல்லாத் தரப்பும் கணக்குப் போட்டன. தனி வீடும் காணியும் வேண்டும் என்ற கோரிக்கை தொழிற்சங்கங்களிடமும் சிவில் அமைப்புகளிடமும் ஏற்கனவே எழுத்தில் இருந்தது. ஜன்னல் திறந்தது. ஆட்சி மாறிய பின்னர் 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்பது அரசாங்கத்தின் நிலைப்பாடானது. 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம், 32ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் சேவை வழங்கத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவும் அதே ஆண்டில் திருத்தப்பட்டது. அதுவரை, பிரதேச சபைக்கு வாக்களித்த தோட்ட மக்களின் பாதையைச் செப்பனிட அந்தச் சபையால் பணம் செலவிட முடியாத நிலை இருந்தது.

இவை போதுமா என்பது வேறு கேள்வி. 7 பேர்ச்சஸ் போதாது, விவசாயம் செய்யவும் நிலம் வேண்டும் என்ற கோரிக்கை இன்றும் தொடர்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஜன்னல் திறந்தபோது கையில் எழுதிய தீர்வு இருந்ததால்தான் ஏதாவது நடந்தது. கோபம் மட்டும் இருந்து தாள் இல்லாதிருந்தால், அந்த இடத்தை வேறு யாரோ எழுதிய தீர்வு நிரப்பியிருக்கும்.

தெரிவுகளை அடுக்குவது: யாருடைய நிலம், யாருடைய பணம்

அடுத்த படியில் அதிகாரிகள் தெரிவுகளை அடுக்குகிறார்கள். ஆபத்தான லயன்களில் இருப்பவர்களை என்ன செய்வது? அப்படியே விட்டு மழைக்காலத்தில் மட்டும் இறக்குவதா, வடிகால் கட்டிச் சரிவைப் பலப்படுத்துவதா, அதே தோட்டத்தில் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவதா, காணியும் பணமும் கொடுத்து வெளியே குடியேறச் சொல்வதா? ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு. ஒவ்வொன்றிலும் யாரோ இழக்கிறார்கள்.

பெருந்தோட்டங்களில் இது சிக்கலாவதற்குக் காரணம் நிலத்தின் நிலை. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. 1992இல் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, லயனில் இருப்பவருக்கு எழுத்தில் எதுவும் இல்லை. வீடு வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது.

இதன் விளைவை இந்திய வீட்டுத்திட்டத்தில் பார்க்கலாம். 50,000 வீடுகள் கொண்ட அந்தத் திட்டத்தில் 46,000 வீடுகள் வடக்கு, கிழக்குக்கும், 4,000 வீடுகள் மத்திய, ஊவா மாகாணங்களின் தோட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டன. வடக்கு, கிழக்கில் பெரும்பாலான வீடுகளுக்கான வேலை 2012இல் தொடங்கியது. தோட்டங்களில் 2016இல்தான் தொடங்கியது. ஒரே நன்கொடை, ஒரே திட்டம், நான்கு ஆண்டு இடைவெளி. அங்கே பயனாளியின் பெயரில் காணி இருந்தது, பணத்தை அவரது கணக்கில் போட்டால் அவரே கட்டிக்கொள்ளலாம். இங்கே முதலில் நிலத்தை விடுவிக்க வேண்டியிருந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அந்தத் தொகுதியின் சுமார் இரண்டாயிரம் பயனாளிகளுக்கான பத்திரங்கள் பண்டாரவளையில் வழங்கப்பட்டது 2025 ஒக்டோபரில். அந்தப் பத்திரம் காணி உறுதியா, பயனாளி என்பதற்கான சான்றா என்ற கேள்வி உடனேயே எழுந்ததில் வியப்பில்லை. மலையகத்தில் தாளின் பெயர் முக்கியம்.

தெரிவுகள் அடுக்கப்படும் இந்தக் கட்டத்தில்தான் தோட்ட மக்களிடம் மட்டும் இருக்கும் அறிவு தேவைப்படுகிறது. புதிய இடத்தில் இருந்து கொழுந்து மலைக்கு எவ்வளவு தூரம், கோடையிலும் தண்ணீர் வருமா, பிள்ளைகள் எந்தப் பாடசாலைக்குப் போவது, கோயிலும் மயானமும் என்ன ஆகும், வேலையை விட்டால் வீடும் போகுமா, பத்திரம் கணவன் பெயரில் மட்டுமா அல்லது இருவர் பெயரிலுமா? கொழும்பில் வரையும் வரைபடத்தில் இவை இருப்பதில்லை. வீடு கட்டி முடிந்த பின்னர் இவற்றைச் சொன்னால் அது முறைப்பாடாக மட்டுமே பதிவாகும்.

கருத்துக் கேட்பது: எப்போது என்பதே கேள்வி

கலந்தாலோசனை என்ற சொல்லில் நம் மக்களுக்கு நம்பிக்கை குறைந்ததற்குக் காரணம் உண்டு. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. மக்கள் வந்து அழுது சாட்சியம் சொன்னார்கள். 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் தொடர்பான கலந்தாலோசனைச் செயலணி அமைக்கப்பட்டது. 7,306 கருத்துரைகள் அதற்குக் கிடைத்தன. ஆனால் அந்தக் கருத்துக் கேட்பு நடந்துகொண்டிருந்தபோதே, 2016 ஓகஸ்ட்டில், காணாமல் போனோர் அலுவலகச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. செயலணியின் இறுதி அறிக்கை 2017 ஜனவரியில் கையளிக்கப்பட்டது.

சட்டம் எழுதப்பட்ட பின்னர் கேட்கப்படும் கருத்து சட்டத்தை மாற்றுவதில்லை. அந்த அலுவலகத்தின் மீது பல குடும்பங்களுக்கு இன்றுவரை நம்பிக்கை ஏற்படாததற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே “எங்களிடம் கேட்டீர்களா?” என்பதோடு, “எந்தக் கட்டத்தில் கேட்டீர்கள்?” என்றும் கேட்க வேண்டும்.

இலங்கையில் ஒரு யோசனை போகும் பாதை பெரும்பாலும் இப்படி இருக்கும். அமைச்சு ஒரு கருத்துப் பத்திரம் தயாரிக்கிறது. அது அமைச்சரவைப் பத்திரமாகிறது. திறைசேரியும் ஏனைய அமைச்சுகளும் அவதானிப்புகளைச் சொல்கின்றன. அமைச்சரவை கொள்கையளவில் அனுமதிக்கிறது. சட்டம் தேவையானால் சட்ட வரைஞரிடம் போகிறது, சட்டமா அதிபர் பார்க்கிறார், மீண்டும் அமைச்சரவைக்கு வருகிறது. அதன் பின்னரே வர்த்தமானி, நாடாளுமன்றம். வர்த்தமானியில் வந்த பின்னர் பொதுமகனுக்கு உயர் நீதிமன்றம் செல்ல மிகக் குறுகிய அவகாசமே உண்டு. அங்கேயும் அரசியலமைப்புக்கு முரணா என்று மட்டுமே பார்க்கப்படும், நல்ல சட்டமா என்று பார்க்கப்படாது. வரைவு மிருதுவாக இருக்கும் காலம் கருத்துப் பத்திரத்துக்கும் அமைச்சரவைக்கும் இடையிலானது.

தோட்டத்திலிருந்து என்ன செய்யலாம்?

முதலாவது, நாமே ஒரு பட்டியல் தயாரிப்பது. லயன் இலக்கம், காம்பரா எண்ணிக்கை, குடும்ப அங்கத்தவர், எந்தச் சுவரில் எப்போது வெடிப்பு வந்தது, எந்த மழைக்கு எங்கே இறக்கப்பட்டார்கள். இதனை மாதர் சங்கமோ இளைஞர் கழகமோ ஒரு கொப்பியில் எழுதி, ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடமும் இன்னொன்றைப் பிரதேச செயலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் திகதியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எங்கள் தோட்டம் அபாய வலயத்தில் உள்ளதா, ஆய்வறிக்கை எப்போது எழுதப்பட்டது, யாருக்கு அனுப்பப்பட்டது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று எழுத்தில் கேட்கலாம். தகவல் தரப்படுமா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அதே சட்டத்தின் 9ஆவது பிரிவு, குறிப்பிட்ட பெறுமதிக்கு மேற்பட்ட அபிவிருத்தித் திட்டங்களைப் பற்றி வேலை தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னரே பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு அறிவிக்கச் சொல்கிறது. 2005இன் எச்சரிக்கையை மீரியபெத்த மக்கள் இப்படிக் கேட்டுப் பெற அன்று சட்டம் இருக்கவில்லை. இன்று இருக்கிறது.

மூன்றாவது, மொழி. ஹல்துமுல்லை, ஹப்புத்தளை, பசறை உள்ளிட்ட பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. தமிழில் கடிதம் கொடுத்துத் தமிழில் பதில் கேட்பது சலுகை அல்ல. அபாய அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் வந்தால் அதையே ஒரு முறைப்பாடாக எழுதலாம்.

நான்காவது, காலம். வரவு செலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் வாசிக்கப்படுகிறது. அமைச்சுகள் தமது மதிப்பீடுகளை அதற்குப் பல மாதங்கள் முன்னரே தயாரிக்கத் தொடங்குகின்றன. நவம்பரில் கொடுக்கும் மகஜர் அந்த ஆண்டுக்குப் பிந்தியது. ஊவா மாகாண சபைக்கு 2019க்குப் பின்னர் தெரிவான உறுப்பினர்கள் இல்லாத நிலையில், பிரதேச சபையும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுமே அருகில் இருக்கும் வாசல்கள்.

ஐந்தாவது, பெயர். மகஜரின் முதல் வரியில் “நிவாரணம் தாருங்கள்” என்று எழுதுகிறோமா, “பாதுகாப்பான இடத்தில் எங்கள் பெயரில் காணி வேண்டும்” என்று எழுதுகிறோமா என்பதைத் தோட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். தலைவர் ஒருவர் மட்டும் எழுதிவிட்டுக் கையொப்பம் கேட்கும் மகஜரில் அந்தப் பேச்சு நடப்பதில்லை.

இவற்றைச் செய்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. 2006 முதல் 2015 வரைக்கான பெருந்தோட்டச் சமூக அபிவிருத்திக்கான தேசிய செயற்திட்டம் ஒன்று இருந்தது. அதன் பின்னர் 2016 முதல் 2020 வரைக்கான ஐந்தாண்டுத் திட்டம் வந்தது. இரண்டிலும் வீடும் காணியும் எழுதப்பட்டிருந்தன. இரண்டும் முடிந்த பின்னரும் லயன்கள் இருக்கின்றன. ஆனால் எழுதப்பட்ட ஒன்றைக் காட்டி “நீங்கள் சொன்னது இது” என்று கேட்க முடியும். எழுதப்படாத ஒன்றைக் காட்ட முடியாது.

ஒவ்வொரு ஒக்டோபர் 29ஆம் திகதியும் கொஸ்லாந்தையில் உறவினர்கள் விளக்கேற்றுகிறார்கள். அந்த மாதத்தில்தான் பதுளை மலைகளில் மழையும் தொடங்குகிறது. விளக்கேற்றிவிட்டுத் திரும்பும் வழியில், தமது லயனுக்கு மேலே உள்ள மலையைப் பற்றி எந்த அலுவலகத்தில் என்ன எழுதிவைத்திருக்கிறார்கள் என்று கேட்டு ஒரு கடிதம் கொடுக்கலாம். 2014இல் இறந்தவர்களுக்கு அந்தக் கடிதம் உதவாது. இன்னும் லயனில் தூங்கும் பிள்ளைகளுக்கு உதவலாம்.